காசு கட்டாத சீட்டாட்டம்: பலாட்ரோ மதிப்புரை

பலாட்ரோ என்ற கணினி, கைப்பேசி விளையாட்டை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு, விலையைச் சொல்வதற்கு முன்பே ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டியிருக்கிறது. இந்த விளையாட்டில் சீட்டுக்கட்டு இருக்கிறது, சில்லுகள் இருக்கின்றன, டாலர் குறி இருக்கிறது, பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஜோக்கரும் இருக்கிறான். ஆனால் ஒருமுறை விலை கொடுத்து வாங்கிய பிறகு ஆடுபவரின் சட்டைப்பையிலிருந்து ஒரு காசும் உள்ளே போக வழியில்லை, உள்ளே சேர்த்த டாலரில் ஒன்றுகூட வெளியே வரவும் வழியில்லை. சீட்டைக் கண்டாலே முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் நிறையப் பேர் உண்டு. அவர்கள் சுளிப்பதற்குக் காரணமும் உண்டு. மலேசியாவில் உரிமம் பெற்ற ஒரே கேசினோ கெந்திங் மலை உச்சியில்தான் இருக்கிறது என்றாலும், நான்கு இலக்க எண்ணில் பணம் கட்டும் லாட்டரிக் கடைகள் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. சம்பளம் வாங்கிய கையோடு நம்பர் எடுக்கப் போனவர்களால் நொடித்துப்போன குடும்பங்களை நாம் எல்லாரும் அறிவோம். இணைய ரம்மியால் தமிழ்நாட்டில் நேர்ந்தவற்றையும், அதைத் தடுக்க 2022-இல் அங்கே தனிச் சட்டமே கொண்டுவரப்பட்டதையும் இங்கிருந்தபடியே செய்திகளில் படித்திருக்கிறோம். ஆகவே கைப்பேசியில் சீட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து வீட்டார் கவலைப்படுவது இயல்பே. கவலை நியாயமானதுதான், ஆனால் அது வேறு செயலிகளின் மேல் விழுந்திருக்க வேண்டிய கவலை என்பதே இந்த விளையாட்டை நெடுநாள் ஆடிய பிறகு நான் வந்து சேர்ந்த முடிவு.

2024 பிப்ரவரி 20 அன்று கணினிக்கும் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ ஸ்விட்ச் ஆகியவற்றுக்கும் வெளியான பலாட்ரோ, அதே ஆண்டு செப்டம்பர் 26 அன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கும் ஐஃபோனுக்கும் வந்து சேர்ந்தது. கனடாவின் சஸ்காட்செவன் மாநிலத்தைச் சேர்ந்த ஒருவர், லோக்கல்தங்க் என்ற புனைபெயரின் பின்னால் இருந்துகொண்டு, இசை போன்ற ஒருசில வேலைகளைத் தவிர மற்றதையெல்லாம் ஏறக்குறையத் தனியாளாகவே செய்து முடித்த விளையாட்டு இது. பிளேஸ்டாக் நிறுவனம் வெளியிட்டது. வெளியான ஒரு மாதத்திற்குள் பத்து லட்சம் பிரதிகள் விற்றன. 2025 ஜனவரியில் அந்த எண்ணிக்கை ஐம்பது லட்சத்தை எட்டியது. 2024 டிசம்பரில் நடந்த தி கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த சுயாதீன விளையாட்டு, சிறந்த அறிமுக விளையாட்டு, சிறந்த கைப்பேசி விளையாட்டு ஆகிய மூன்று விருதுகளையும் பெற்றது. ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கான இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்று, அந்த விருதை மட்டும் ஆஸ்ட்ரோ பாட் என்ற விளையாட்டிடம் விட்டுக்கொடுத்தது. அதன் பிறகு கிளேர் ஒப்ஸ்கூர்: எக்ஸ்பெடிஷன் 33 வந்தது, பல்லாண்டுகளாகக் காத்திருக்க வைத்த ஹாலோ நைட்: சில்க்சாங் வந்தது, பேச்சும் அவற்றின் பக்கம் திரும்பியது. என் நண்பர்கள் வட்டத்திலும் இரண்டையும் முடித்தவர்கள் இருக்கிறார்கள். முடித்தவர்கள் மறுபடியும் திரும்பி வந்து ஆடுவது பலாட்ரோவைத்தான்.

அதற்கு ஒரு காரணம், ஆட்டம் துண்டு துண்டாகப் பிரிந்து கிடப்பது. பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி ஜார்ஜ் டவுனில் இறங்குவதற்குள் இரண்டு மூன்று சுற்றுகளை ஆடி முடித்துவிடலாம். பாதியில் கைப்பேசியை மடக்கிப் பையில் போட்டாலும் விட்ட இடத்திலிருந்தே மாலையில் தொடரலாம். இணையம் தேவையில்லை, விளம்பரம் குறுக்கே வருவதில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் ஒருவர் என் திரையை எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, ஃபோன்லயே சூதா?" என்று கேட்டதும் அந்த ஃபெரியில்தான். "கணக்கு போடுறேன் ஐயா" என்று நான் சொன்ன பதிலை அவர் நம்பவில்லை. உண்மையில் அதைவிடச் சரியான பதிலும் கிடையாது.

விளையாட்டின் பிறப்பில் நமக்கு ஒரு தூரத்து உறவும் இருக்கிறது. நண்பர்களோடு தாம் ஆடிவந்த பிக் டூ என்ற சீனச் சீட்டாட்டத்திலிருந்துதான் முதல் யோசனை பிறந்தது என்று இதை உருவாக்கியவர் கூறியிருக்கிறார். பினாங்கில் படித்தவர்களுக்கு அந்த ஆட்டம் டாய் டீ என்ற பெயரில் பழக்கம்: நான்கு பேர், ஆளுக்கு 13 சீட்டுகள், எல்லாவற்றிலும் பெரியது ரெண்டு. ஐந்து சீட்டுகளைச் சேர்த்து இறக்கும்போது எது எதை வெல்லும் என்ற வரிசையை டாய் டீ போக்கரிலிருந்து எடுத்துக்கொண்டது. ஆகவே இடைவேளைகளில் சீன நண்பர்களோடு அதை ஆடி வளர்ந்தவர்கள், போக்கர் மேசையைக் கண்ணால்கூடப் பார்த்திராவிட்டாலும், பாதி விதிகளை அறிந்தவர்களாகவே பலாட்ரோவுக்குள் நுழைகிறார்கள். ரம்மி மட்டும் தெரிந்தவர்களுக்கும் பெரிய சிரமமில்லை. ஜோடி, மூன்று ஒரே எண், தொடர்ச்சியான வரிசை, ஐந்தும் ஒரே சின்னம் என்று நான்கைந்து அமைப்புகளை மனத்தில் இருத்திக்கொண்டால் போதும், மற்றவற்றைத் திரையே நினைவூட்டும்.

ஆட்டத்தில் எதிராளி கிடையாது. கையில் எட்டுச் சீட்டுகள் வருகின்றன. அவற்றிலிருந்து ஐந்து வரை தேர்ந்தெடுத்து இறக்கலாம், அல்லது வேண்டாதவற்றைக் கழித்துவிட்டுப் புதியவற்றை எடுக்கலாம். இறக்கும் வாய்ப்பு சுற்றுக்கு நான்கு, கழிக்கும் வாய்ப்பு மூன்று. அதற்குள் குறிப்பிட்ட மதிப்பெண்ணை எட்டாவிட்டால் அதுவரை சேர்த்த எல்லாமும் போய், முதலிலிருந்து தொடங்க வேண்டும். மதிப்பெண் வருவது ஒரு பெருக்கல் கணக்கிலிருந்து. இடப்பக்கம் சில்லு, வலப்பக்கம் பெருக்கி. ராஜா ஜோடி ஒன்றை இறக்குவதாக வைத்துக்கொள்வோம். ஜோடிக்கு அடிப்படையாக 10 சில்லு, இரண்டு ராஜாக்களுக்கும் தலைக்குப் பத்து, ஆக 30, ஜோடியின் பெருக்கி 2, மதிப்பெண் 60. முதல் சுற்றின் இலக்கு 300. நான்கு முறையும் ராஜா ஜோடியே வந்தாலும் 240-தான் சேரும் என்பதிலிருந்தே, நல்ல சீட்டு வந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை இங்கே எடுபடாது என்பது விளங்கும். மொத்தம் எட்டுக் கட்டங்கள், கட்டத்துக்கு மூன்று சுற்றுகள். எளிய நிலையிலேயே எட்டாம் கட்டத்தின் கடைசிச் சுற்று வழக்கமாகக் கேட்பது 1,00,000. முந்நூறிலிருந்து ஒரு லட்சத்துக்கு 52 சீட்டுகளைக் கொண்டு ஏறுவதற்கு ஏணியாக இருப்பவை ஜோக்கர்கள்.

மொத்தம் 150 ஜோக்கர்கள் இருக்கின்றன. சாதாரணமாக ஒரே நேரத்தில் ஐந்தை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் ஒரு விதியைச் சேர்க்கிறது. ஒன்று பெருக்கியில் நான்கைக் கூட்டும், இன்னொன்று பெருக்கியை மூன்றால் பெருக்கும், வேறொன்று தன் வலப்பக்கத்தில் நிற்கும் ஜோக்கரை அப்படியே பிரதியெடுக்கும். அவை இடமிருந்து வலமாக வேலை செய்வதால், எதை எங்கே நிறுத்துகிறோம் என்பதே வெற்றி தோல்வியை முடிவு செய்கிறது. மேலே சொன்ன அதே ராஜா ஜோடியை மறுபடி எடுத்துக்கொள்வோம். நான்கைக் கூட்டும் ஜோக்கர் இடப்பக்கத்திலும் மூன்றால் பெருக்கும் ஜோக்கர் வலப்பக்கத்திலும் நின்றால், 2-உடன் 4 சேர்ந்து 6, அது மூன்று மடங்காகி 18. முப்பது சில்லுக்கு மதிப்பெண் 540. இரண்டையும் இடம் மாற்றி நிறுத்தினால் 2 மூன்று மடங்காகி 6, பிறகு 4 கூடி 10, மதிப்பெண் 300. அதே சீட்டுகள், அதே ஜோக்கர்கள், வித்தியாசம் 240. கூட்டலை முன்னும் பெருக்கலை பின்னும் வை என்ற இந்த ஒற்றைப் பாடத்தை எந்தப் பயிற்சிப் பலகையும் சொல்லித் தருவதில்லை. புதிதாக ஆடுபவர் எண்கள் ஏறுவதைக் கவனித்துக் கவனித்துத் தாமாகவே கண்டுபிடிக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கும் நாளிலிருந்துதான் விளையாட்டு உண்மையில் தொடங்குகிறது.

ஜோக்கர்களை வடிவமைத்ததில் ஒளிந்திருக்கும் குறும்பைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கிரோ மிஷெல் என்ற பெயரில் ஒரு வாழைப்பழ ஜோக்கர் உண்டு. பெருக்கியில் பதினைந்தைக் கூட்டும், தொடக்கத்தில் அது பெரிய உதவி. ஆனால் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அது அழிந்துபோக ஆறில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அழிந்த பிறகுதான் கடையில் கேவண்டிஷ் என்ற இன்னொரு வாழைப்பழம் தலைகாட்டத் தொடங்கும். அது பெருக்கியை மூன்று மடங்காக்கும், அது அழியும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. வாழை பயிரிடுவோர் இதைக் கேட்டால் சிரித்துவிடுவார்கள், ஏனெனில் இது நடந்த கதை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உலகச் சந்தையை ஆண்ட கிரோ மிஷெல் வாழையைப் பனாமா நோய் என்ற பூஞ்சை வாடல் அழித்தது. அதன் இடத்துக்கு வந்ததுதான் இன்று பேரங்காடிகளில் தொங்கும் கேவண்டிஷ். அந்த நோயின் புதிய வகை 1990-களில் மலேசியாவின் கேவண்டிஷ் தோட்டங்களையும் பதம் பார்த்தது என்பதால், அந்த ஆயிரத்தில் ஒன்றையும் நாம் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு பயிரின் வரலாற்றை இரண்டு சீட்டுகளுக்குள் அடக்கிவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருக்கும் அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

சுற்றுகளுக்கு இடையில் கடை திறக்கும். ஜோக்கர்களையும் பிற சீட்டுகளையும் விளையாட்டு டாலரில் அங்கே வாங்க வேண்டும். சூதாட்டத்திலிருந்து இந்த விளையாட்டு எவ்வளவு விலகி நிற்கிறது என்பது இந்தக் கடையில்தான் துலக்கமாகத் தெரிகிறது: கையிருப்பில் வைத்திருக்கும் ஒவ்வொரு ஐந்து டாலருக்கும் சுற்றின் முடிவில் ஒரு டாலர் வட்டி சேரும், அதிகபட்சம் ஐந்து. அதாவது 25 டாலரைத் தொடாமல் வைத்திருப்பவருக்குச் சுற்றுக்கு ஐந்து டாலர் சும்மா வருகிறது. கண்ணைக் கவரும் ஜோக்கர் எதிரில் நிற்கிறது, வாங்கினால் கையிருப்பு 25-க்குக் கீழே போய் வட்டி குறையும், வாங்காவிட்டால் அடுத்த சுற்றில் இலக்கை எட்டாமல் ஆட்டமே முடிந்துவிடலாம். தீபாவளிச் செலவையும் ஊழியர் சேமநிதியையும் ஒரே மூச்சில் யோசிப்பவருக்கு இந்தத் தவிப்பு புதிதல்ல. சேமித்துப் பழகுபவரைத் தட்டிக்கொடுக்கும் சீட்டாட்டம் ஒன்றை நான் இதற்கு முன் கண்டதில்லை.

கடையில் கிரகச் சீட்டுகளும் கிடைக்கும். ஒவ்வொரு கிரகமும் ஓர் அமைப்பை நிலையாக உயர்த்துகிறது. வியாழன் சீட்டை வாங்கினால், ஐந்தும் ஒரே சின்னமாக வரும் ஃப்ளஷின் அடிப்படைச் சில்லில் 15-உம் பெருக்கியில் 2-உம் கூடும். தொடக்கத்தில் 35 சில்லு, பெருக்கி 4. மூன்று வியாழன்களுக்குப் பிறகு 80 சில்லு, பெருக்கி 10. சீட்டுகளின் மதிப்பைச் சேர்ப்பதற்கு முன்பே 140 என்பது 800 ஆகிவிடுகிறது. புதன் ஜோடியை உயர்த்தும், சனி தொடர் வரிசையை உயர்த்தும். சனி வந்துவிட்டான் என்று ஒரு தமிழன் மகிழ்ச்சியோடு சொல்லும் இடம் இந்த உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். இவை போக, சீட்டுகளின் சின்னத்தையோ எண்ணையோ மாற்றும் சீட்டுகளும், கட்டிலிருந்து சீட்டுகளையே நீக்கும் சீட்டுகளும் உண்டு. திறமையாக ஆடினால் கடைசிக் கட்டத்தை எட்டும்போது கையில் இருப்பது நாமறிந்த 52 சீட்டுக் கட்டாகவே இருக்காது. சிவப்பு இதயச் சின்னமான ஆட்டின் மட்டுமே நிறைந்ததாகவோ, பாதிக்கு மேல் ராஜாக்களாகவோ, முப்பது சீட்டுக்குச் சுருங்கியதாகவோ மாறியிருக்கும்.

இப்படி ஒரே திசையில் கட்டை வளர்ப்பவரை மடக்கத்தான் ஒவ்வொரு கட்டத்தின் மூன்றாம் சுற்றிலும், தனித் தடை ஒன்றை விதிக்கும் ஒரு பாஸ் காத்திருக்கிறது. ஒன்று ஆட்டின் சீட்டுகள் எதற்கும் மதிப்பில்லை என்கிறது. ஒன்று ராஜா, ராணி, ஜாக் மூன்றையும் செல்லாதவையாக்குகிறது. ஒன்று ஒரே ஒருமுறை இறக்கித்தான் முடிக்க வேண்டும் என்கிறது, இன்னொன்று கழிக்கும் வாய்ப்பையே பறித்துக்கொள்கிறது. நேர்மையான அம்சம் என்னவென்றால், எந்த பாஸ் வரப்போகிறது என்பது அந்தக் கட்டத்தின் தொடக்கத்திலேயே திரையில் தெரியும். ஆட்டினை நம்பிக் கட்டை வளர்த்தவர், ஆட்டினுக்கு எதிரான பாஸ் வருகிறது என்று அறிந்த பிறகும் இரண்டு கடைகளைக் கடந்து போகிறார். அந்த இரண்டு கடைகளிலும் மாற்று ஏற்பாடு செய்யாமல் போய் மாட்டிக்கொண்டால், அதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல அவருக்கு இடமில்லை.

அதிர்ஷ்டமே இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. ஒரு ஜோக்கருக்குச் சிறப்பு மெருகு ஏற்றித் தர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு என்று சொல்லும் அதிர்ஷ்டச் சக்கரச் சீட்டு, பெரும்பாலும் "நோப்!" என்று ஒரு சொல்லைக் காட்டிவிட்டு மறைந்துவிடும், ஆடுபவர்களிடையே அது பெரிய நகைச்சுவையாகவே ஆகிவிட்டது. ஆனால் இந்த அதிர்ஷ்டம் ஆடுபவரின் பணப்பையை நோட்டம் பார்த்து இயங்குவதில்லை. ஒவ்வோர் ஆட்டமும் எட்டு எழுத்துக் குறியீடு ஒன்றிலிருந்து முளைக்கிறது, அதை விதை என்கிறார்கள். அதே விதையை இட்டு ஆடும் யாருக்கும் அதே கடை, அதே பாஸ் கிடைக்கும். பினாங்கில் இருக்கும் நானும் கோலாலம்பூரில் இருக்கும் நண்பரும் வார இறுதியில் ஒரே விதையைப் பகிர்ந்துகொண்டு, யார் எந்த இடத்தில் எதை வாங்கியதால் தப்பித்தார் என்று ஒப்பிட்டுப் பேசுவதுண்டு. தொடங்கிய பிறகு ஆட்டத்தை உங்களுக்கு எதிராகச் சாய்க்கும் கை எதுவும் திரைக்குப் பின்னால் இல்லை என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று தேவையில்லை.

இருந்தும் இதன் தோற்றம் அதிகாரிகளையும் குழப்பியது. ஐரோப்பாவின் வயது மதிப்பீட்டு அமைப்பான பெகி, முதலில் 3 வயதுக்கு மேற்பட்டோருக்கு உகந்தது என்று சான்றளித்த இதை, 2024 மார்ச்சில் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு உரியதாக மாற்றியது; அதனால் சில நாடுகளின் இணையக் கடைகளிலிருந்து விளையாட்டு தற்காலிகமாக மறைந்தும் போனது. போக்கர் அமைப்புகளைக் கற்றுக்கொள்பவர் அந்த அறிவை உண்மையான சூதாட்டத்துக்குக் கொண்டுபோகலாம் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. மேல்முறையீட்டுக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் அது 12 ஆகக் குறைக்கப்பட்டது. இடையில், உண்மைப் பணத்துக்குக் குலுக்கல் முறை வீரர் பொதிகளை விற்கும் இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி கால்பந்து விளையாட்டுக்கு அப்போது 3 வயதுச் சான்று இருந்ததைச் சுட்டிக்காட்டி, தாமும் அப்படி எதையாவது சேர்த்தால் வயதைக் குறைத்துவிடுவார்களோ என்று இதை உருவாக்கியவர் எள்ளலாக எழுதியது பரவலாகப் பேசப்பட்டது. பலாட்ரோவின் உரிமையை எந்தச் சூதாட்ட நிறுவனத்துக்கும் கேசினோவுக்கும் ஒருபோதும் விற்கக்கூடாது என்று தம் உயிலிலேயே எழுதி வைத்திருப்பதாகவும் அவர் அறிவித்திருக்கிறார். அந்த எள்ளலை நான் முழு மனத்தோடு ஆமோதிக்கிறேன்.

ஏனெனில் நம் பிள்ளைகளின் கைப்பேசிகளில் உண்மையான சூதாட்டத்தின் சாயலோடு இருப்பவை, இலவசம் என்ற பெயரில், வண்ண வண்ணப் பொம்மை முகத்தோடு வருகின்றன. கென்ஷின் இம்பேக்ட் விளையாட்டில் ஐந்து நட்சத்திரப் பாத்திரம் ஒரு குலுக்கலில் கிடைக்கும் வாய்ப்பு 0.6 விழுக்காடு, தொண்ணூறாவது குலுக்கலில் ஐந்து நட்சத்திரம் ஒன்று கட்டாயம் கிடைக்கும். அது மறைக்கப்பட்ட செய்தியும் அல்ல, விளையாட்டுக்குள்ளேயே அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். குலுக்குவதற்குப் பணம் கட்டலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் கட்டலாம். எங்கள் உறவில் ஒரு பையன், பெயர் சொல்ல விரும்பாத வேறொரு விளையாட்டின் பரிசுப் பெட்டிகளுக்காகத் தன் அப்பாவின் கைப்பேசிக் கணக்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டே வந்து, மாதக் கட்டணச் சீட்டு வந்த அன்று வீடே அதிர்ந்தது. அந்த விளையாட்டில் ஒரு சீட்டுகூடக் கிடையாது. வீரர்களும் வாள்களும் சிறகு முளைத்த பூனைகளும்தான். அதே வீட்டில் என் கைப்பேசியில் பலாட்ரோவைப் பார்த்த அவன் பாட்டி, சீட்டு விளையாடாதே என்று அவனை எச்சரித்தார்.

இந்த இடத்தில் மொபைல் லெஜெண்ட்ஸ் ஆடும் இளைஞர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும். ஐவர் சேர்ந்து ஆடும் அந்த ஆட்டத்தில் விலைக்கு வாங்கும் உடைகள் வெற்றியை முடிவு செய்வதில்லை, கூட்டாளிகளோடு ஆடும் சுகமும் வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். பலாட்ரோ அந்தச் சுகத்தைத் தராது. இது தனியாக உட்கார்ந்து ஆடுவது.

இசையைப் பற்றி ஒரு சொல். லூயிஸ் கிளெமெண்ட்டே அமைத்த ஒரே மெட்டு, கடையிலும் பாஸ் சுற்றிலும் சற்றே வேடம் மாறி ஆட்டம் முழுக்க ஒலிக்கிறது, சலிப்பதும் இல்லை. அது ஏழு எண்ணிக்கையில் அமைந்தது. கர்நாடக இசையின் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு கேட்டுப் பழகிய காதுகளுக்கு அந்தச் சுழற்சி உடனே பிடிபடும்; தொடையில் தட்டிக்கொண்டே ஆடலாம். எட்டில் முடிய வேண்டியது ஏழில் முடிந்து மறுபடி தொடங்குவதால் ஓய்ந்து நிற்கும் இடமே தெரிவதில்லை, இன்னும் ஒரு சுற்று என்று ஆடுபவரை இழுத்துக்கொண்டு போவதில் அந்தத் தாளத்துக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

அந்த இழுப்புதான் குறைகளில் முதலாவது. பணம் போகாது, நேரம் போகும். ஓர் ஆட்டத்தை முழுதாக முடிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது; தோற்ற மறு நொடியே புதிய ஆட்டத்தைத் தொடங்கிவிடலாம் என்பதால் எங்கே நிறுத்துவது என்பதை ஆடுபவரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. மறுநாள் தேர்வு உள்ள பிள்ளையின் கையில் இதைக் கொடுக்க மாட்டேன்.

இரண்டாவது குறை எழுத்தின் அளவு. நடுத்தரக் கைப்பேசித் திரையில் ஜோக்கரின் விளக்கம் பொடி எழுத்தில் வருகிறது, நாற்பதைக் கடந்தவர்கள் கண்ணாடியைத் தேட நேரும். ஜோக்கர்களை இழுத்து இடம் மாற்றும்போது பெரிய விரல்கள் பக்கத்துச் சீட்டைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. மொழிகளில் சீனமும் இந்தோனேசியமும் இருக்கின்றன, தமிழ் இல்லை. ஆங்கிலத்தில் தடுமாறும் மூத்தவர்கள் இங்கே இந்தோனேசிய மொழியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், மலாய் தெரிந்தவர்களுக்கு அது போதுமான அளவு புரியும். கணினியில் வாங்கியவர் கைப்பேசியில் ஆட விரும்பினால் மறுபடியும் விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பதும் உறுத்தலே. மேல்நிலைச் சவால்களைப் பற்றியும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. படிப்படியாகக் கடினமாகும் எட்டு நிலைகளில் கடைசி இரண்டு மூன்றுக்குப் போகும்போது, முதல் இரண்டு கடைகளில் உருப்படியான ஜோக்கர் வராவிட்டால் எவ்வளவு கணக்குப் போட்டாலும் கரை சேர்வது கடினமாகிவிடுகிறது. அந்த உயரத்தில் மட்டும், இது கணக்குதான் என்று அந்தப் பெரியவரிடம் நான் சொன்ன பதில் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

வாங்குவதாக இருந்தால் எதில் வாங்குவது? கைப்பேசிப் பதிப்பு 9.99 அமெரிக்க டாலர் விலையிலும் கணினிப் பதிப்பு 14.99 டாலர் விலையிலும் வெளியாயின. ஆப்பிளின் விளையாட்டுச் சந்தாவான ஆப்பிள் ஆர்கேட் வைத்திருப்பவர்கள் இதற்குத் தனியாக விலை கொடுக்க வேண்டியதில்லை. பயணத்தில்தான் ஆடப்போகிறீர்கள் என்றால் கைப்பேசி போதும். கண் வலிக்காமல் ஆட வேண்டுமென்றால் ஸ்விட்ச் அல்லது கணினி. இது மிகச் சிறிய நிரல், பழைய மடிக்கணினியிலும் தடங்கலின்றி ஓடுகிறது, ஆகவே ஜார்ஜ் டவுனின் கொம்தார் கட்டடப் பக்கத்துக் கடைகளில் புதிய வரைகலை அட்டைக்கு விலை கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

முதல்முறை திறந்ததும் செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போய், ஆட்டினும் டைமனும் ஒன்றுபோல் தெரியாதபடி வண்ண வேறுபாட்டைக் கூட்டும் வசதியை இயக்கிக்கொள்ளுங்கள். சுழலும் பின்னணி தலைசுற்றலைத் தந்தால் அசைவைக் குறைக்கும் வசதியும் அங்கேயே இருக்கிறது. தொடக்கத்தில் கிடைக்கும் சிவப்புக் கட்டு, கழிக்க ஒரு கூடுதல் வாய்ப்பு தருவதால் கற்றுக்கொள்ள ஏற்றது. முதல் கடையில் வட்டியைப் பற்றிக் கவலைப்படாமல், பெருக்கியைக் கூட்டும் ஜோக்கர் எது கிடைத்தாலும் வாங்கிவிடுங்கள். சேமிப்பை இரண்டாம் கட்டத்திலிருந்து தொடங்கலாம்.